அஞ்சலையின் பெயர் இல்லாத பட்டியல்

போன வாரம் ஒருநாள் காலையில் பசியாற உட்கார்ந்திருந்தேன். என் பேத்தி செய்தித்தாளைப் படித்துக்கொண்டே வந்தவள், அதை மேசைமேல் வீசினாள். வீசிய வேகத்தில் என் கோப்பி கவிழ்ந்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சினிமா விருதுக்குத் தேர்வான நடிகைகளின் பெயர்கள் வந்திருந்தன. அவளுக்குப் பிடித்தவரின் பெயர் அதில் இல்லை.

“படத்தையே தூக்கி நிறுத்துனது அவங்கதான் தாத்தா. லிஸ்ட் போட்டவன் படத்தப் பாத்தானா இல்லியான்னே தெரியல” என்றாள்.

“பாத்திருப்பாம்மா. பாத்துட்டும் விட்டிருப்பான்.”

“அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?”

எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பட்டியல் எழுதியவன். ஐந்து பெயர்கள் எழுதினேன். எழுதியே ஆகவேண்டிய பெயரை விட்டுவிட்டேன். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுடைய பள்ளிப் பேருந்து வந்துவிட்டது. சமையலறை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த கோணிச்சாக்கை எடுத்துக் கோப்பியின்மேல் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். நனைந்த சாக்கின் வாசனை மெல்ல எழுந்து வந்தது. அந்த வாசனை ஒன்று போதும், நான் போய் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். கெடாவில், சுங்கைப்பட்டாணி டவுனில், ஒரு பழைய சினிமாக் கொட்டகையின் வெள்ளைத் திரைக்குப் பின்னால். பேத்திக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் அப்பா கிராணியாக இருந்தார். துரைகள் ஓடிப்போன பிறகு கணக்கெழுத அங்கே ஒன்றும் இல்லை. கித்தா என்கிற ரப்பர் மரங்கள் பாட்டுக்கு நின்றன, ஜனங்கள் அவற்றுக்கு நடுவே மரவள்ளி நட்டார்கள். எனக்கு இருபது வயது. ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவன் என்ற பெருமையைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல் டவுனுக்கு வந்தேன். கொட்டகை மேனேஜர் கனகசபை எனக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தார். தகரக் கூரை, முன்பக்கம் பலகை பெஞ்சு, பின்பக்கம் பத்து நாற்காலி. பெண்களுக்கு இடதுபக்கம் தனியாகப் பலகை. மூன்று மணிக் காட்சி என்று எழுதிப் போடுவோம். அது தோக்கியோ மூன்று மணி. கடிகாரத்தை அவர்கள் முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள், வெயிலை யாராலும் தள்ளிவைக்க முடியவில்லை. நடு மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே முந்நூறு பேர் வெந்துகொண்டே படம் பார்ப்பார்கள்.

படம் என்றால் ஒரே படம். ஜப்பான் சண்டைக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு ராஜா ராணிக் கதை. ராஜாவை எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், ராணி அவரைத் தேடிக் காடு காடாக அலைகிறாள், கடைசியில் ராஜா குதிரையில் வருகிறார். இதற்கு நடுவில் நாற்பது பாட்டு. மற்ற நாட்களில் ஜப்பான்காரனின் படத்தை ஓட்டச் சொல்வார்கள். கப்பல், விமானம், மறுபடியும் கப்பல். அதற்கு ஜனங்கள் தூங்க வருவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் படத்தின் சத்தம் நின்றுபோனது. மெஷினில் ஏதோ வால்வு கருகிவிட்டது என்றார் படம் ஓட்டுகிறவர். பினாங்கில் தேடினார்கள், கிடைக்கவில்லை. படம் தெரியும், வாய் அசையும், சத்தம் மட்டும் வராது. மேனேஜர் கொட்டகையை மூட மனமில்லாமல் ராஜாமணியைக் கூட்டிவந்தார்.

ராஜாமணி நாடகத்தில் நடித்தவர். நடித்தவர் என்று அவர்தான் சொன்னார். தலைக்குத் தடவ வாசனை எண்ணெய் கிடைக்காத காலத்தில் சிவப்புச் செம்பனை எண்ணெயைத் தடவிக்கொண்டு, சட்டைக் கழுத்தெல்லாம் சிவப்பாக, கையில் ஒரு பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். சண்டைக் காட்சியில் நன்றாகத்தான் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ராணி வந்தால் அவருக்கு வார்த்தை வராது. “இப்போது ராணியார் மிகவும் வருத்தப்படுகிறார்” என்பார். ராணி ஐந்து நிமிஷம் வாயசைத்து அழுவாள். ராஜாமணி பிரம்பால் அவளைச் சுட்டிக்காட்டி, “இன்னும் வருத்தப்படுகிறார்” என்பார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, இப்படி அவர் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பலகையிலிருந்து ஒரு குரல் ராணியின் வசனத்தைச் சொன்னது. படத்தில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல், ராணியின் வாயசைப்புக்குச் சரியாக. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் முந்நூறு பேரும் திரும்பினார்கள். ராஜாமணி பிரம்பை இறக்கிவிட்டார்.

அவள்தான் அஞ்சலை. பெடோங் பக்கம் சுங்கை லாலாங் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். வயது முப்பதுக்குள் இருக்கும், ஒல்லி, முன்பல்லில் ஒன்று உடைந்திருக்கும். சண்டைக்கு முன்பு அந்தப் படத்தை அவள் ஏழு தடவை பார்த்திருந்தாள். அவளும் அவள் கணவனும் மாட்டுவண்டி பிடித்து வந்து பார்ப்பார்களாம். அந்தக் கணவனை இப்போது ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் அவளும் நாத்தனார் பாக்கியமும் மட்டும்.

மேனேஜர் அவளை மறுநாளே வரச் சொன்னார். வாரம் இரண்டு காட்சி. கூலியாக உப்பும் ஒரு துண்டு சவர்க்காரமும். மரவள்ளி ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வரும் வண்டியில் தொற்றிக்கொண்டு வருவாள். முதல்நாள் மேனேஜர் அவளைத் திரைக்கு முன்னால் ராஜாமணிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னபோது, “பின்னாலயே நிக்கிறேங்க” என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்த வருஷம் துணி கிடையாது. அவளுக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல புடவை இருந்தது. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் மற்றவள் வீட்டுக்குள் இருப்பாள். பாக்கியம் மரவள்ளிக் கிழங்கு விற்கப் போகிற நாட்களில் அஞ்சலை கோணிச்சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டு, வண்டியில் மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து வருவாள். மழை பிடித்தால் சாக்கு நனைந்துவிடும். அந்த வாசனைதான் நான் சொன்னது.

எனக்கும் திரைக்குப் பின்னால் வேலை கொடுத்தார்கள். இரண்டு கொட்டாங்கச்சியைப் பலகையில் தட்டிக் குதிரை ஓடும் சத்தம் போட வேண்டும். மழைக்கு ஒரு தகரத்தில் நெல் உமியும் கூழாங்கல்லும் போட்டு ஆட்ட வேண்டும். நான் அதைப் பெரிய வித்தையாக நினைத்துக்கொண்டு அறையில் ராத்திரி பகலாகப் பழகி, பக்கத்து அறைக்காரனிடம் உதை வாங்கப் பார்த்தேன்.

பின்னாலிருந்து பார்த்தால் படம் இடவலம் மாறித் தெரியும். ராஜா இடது கையால் வாள் வீசுவார். அஞ்சலை ஒரு கையால் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சாக்கு உறுத்துகிற இடத்தைச் சொறிந்துகொண்டு, அந்த மாறிப்போன உலகத்தைப் பார்த்துப் பேசுவாள். ராணி, ராணியின் மாமியார், ஆசிரமத்துக் குழந்தை, எல்லாம் அவள்தான். பாடுவாள். மாமியாரும் ராணியும் சண்டை போடும் காட்சியில் இரண்டு பெண்கள் அங்கே நிற்கிறார்கள் என்று சத்தியம் செய்யலாம். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு தடவை மாமியார் எங்கே என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஆனால் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தது அதற்காக இல்லை. காட்டில் ராணி ராஜாவைத் தேடி அழுகிற ஒரு காட்சி உண்டு. படத்தில் அது ‘பிராணநாதா’ என்று தொடங்கும் பெரிய பெரிய வார்த்தைகள். முதல் சில நாள் அஞ்சலை அதை அப்படியேதான் சொன்னாள். பிறகு ஒருநாள், ராணி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், வாயசைப்பு முடிந்த பிறகும் இவள் நிறுத்தவில்லை. “எந்தக் காட்டுல கெடக்கிறீங்க” என்றாள். “கால்ல புண்ணுன்னா மருந்து போட்டு விடுறாங்களா. சோறு போடுறாங்களா. காய்ச்சலோட வேல செய்யாதீங்க. சொன்னா கேளுங்க.” அழவில்லை. வாசலில் நின்று வேலைக்குப் போகிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கொட்டகையில் அன்று வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் வீட்டு ஆண்கள் சயாமில் இருந்தார்கள். நான் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ராஜா சத்தமே இல்லாத குதிரையில் ஏறிக் காட்டைத் தாண்டி அரண்மனைக்கே வந்துவிட்டார். ராஜாமணி திரைக்கு அந்தப் பக்கமிருந்து காலால் உதைத்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில் அவள் வேறு வேறு வார்த்தை சொல்வாள். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது, கூரை ஒழுகியது, பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, எல்லாவற்றையும் ராணி ராஜாவிடம் சொன்னாள். பெடோங்கிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நடந்து வந்து கேட்டார்கள். படம் பார்த்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது வருகிறது என் வயிற்றெரிச்சல்.

சினிமா நாடகமெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஜப்பானிய அதிகாரி ஒருவர் ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே மலாய் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர். படம் முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு, முடிந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டார். அவர்கள் நாட்டிலும் படம் பேசத் தொடங்குவதற்கு முன்பு இப்படித்தான் ஆட்கள் பக்கத்தில் நின்று பேசினார்களாம், நடிகனைவிடப் பேசுகிறவனுக்குத்தான் கூட்டம் வருமாம். தெற்குக் கெடாவில் இருக்கும் கொட்டகைகள், நாடகக் குழுக்கள் எல்லாவற்றிலும் சிறந்தவர்களுக்குப் பள்ளித் திடலில் பரிசளிப்பு நடக்கப் போகிறது. ஆளுக்கு நான்கு கஜம் துணி, ஒரு பை அரிசி. இந்தக் கொட்டகையிலிருந்து ஐந்து பெயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். போகும்போது அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மேனேஜரிடம், “அந்தப் பெண் குரல் யாருடையது என்கிறார்” என்றார். கனகசபை ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ராஜாமணியைக் காட்டினார்.

அன்று மாலை டிக்கெட் அறையில் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். கொட்டகையில் இங்கிலீஷ் எழுத்து எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் பெயர் அவருடையது, கொட்டகையை நடத்துகிறவர் என்ற முறையில். இரண்டாவது ராஜாமணி. மூன்றாவது படம் ஓட்டுகிறவர். நான்காவது மேனேஜரின் மைத்துனன், பலகைகளைத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு அதில் படுத்துத் தூங்குவதைத் தவிர வேறெதுவும் அந்தக் கட்டடத்தில் செய்யாதவன். ஐந்தாவது பெயருக்கு நான் பேனாவை வைத்துவிட்டு, “அஞ்சலக்கா பேரு” என்றேன்.

“எழுதாதே” என்றார்.

“அவங்கதானே அண்ணே முக்கியமா பேசுறது.”

“தெரியாமலா இருக்கேன். பொம்பள பேர எழுதி ஜப்பான்காரன் கையில குடுக்கச் சொல்றியா. நாளைக்கு ஆள் அனுப்பி வரச்சொன்னா நீ போவியா. அவ புருஷனும் இங்க இல்ல. பெரிய சூசாலா தம்பி, வம்பு வேணாம். அஞ்சாவதா ஒம் பேர எழுது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த நாளில் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் கதவைத் திறக்கவே பயந்தார்கள். முகத்தில் கரி பூசி வெளியே அனுப்பினார்கள். ஆகவே பயம் நிஜம். ஆனால் அந்த நிஜமான பயம் எவ்வளவு சௌகரியமாக மைத்துனனுக்கும் எனக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தது பாருங்கள். நான் வாதாடவில்லை. என் பெயரை எழுதினேன். எழுத்து அழகாக வர வேண்டும் என்று மெதுவாக வேறு எழுதினேன். பெயருக்கு எதிரே என்ன கலை என்று குறிக்க வேண்டும். ‘குதிரை’ என்று எழுதினேன்.

பரிசளிப்பு நாளில் வெயிலில் வரிசையாக நின்றோம். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று கிழக்கு நோக்கிக் குனிந்தோம். எல்லாக் கொட்டகையிலும் எல்லாக் குழுவிலும் எங்கள் ராஜாமணிதான் முதல். அந்தப் பெண் குரலுக்காக அவருக்குத் தனியாக ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு மகிழ்ச்சி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. யாரோ பாடச் சொல்லிக் கேட்டுவிடுவார்களோ என்று திருடனைப்போல முழித்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் என் கலையைச் சத்தமாகப் படித்தார். ‘குடா’ என்றார் மலாயில். திடலில் இருந்த மலாய்க்காரர்கள் சிரித்தார்கள். குதிரைக்கு நான்கு கஜம் காக்கித் துணி கிடைத்தது.

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு சுங்கை லாலாங்குக்குப் போனேன். டயருக்குப் பதிலாகக் கித்தாக் குழாயைச் சுற்றிய சைக்கிள் அது. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து சேரும். லயத்தில் அஞ்சலை மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உடம்பில் சாக்கு. கொட்டகையின் இருட்டு இங்கே இல்லை, என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே நின்றே பேசினாள். நான் வழியெல்லாம் கட்டிவைத்திருந்த பேச்சைச் சொன்னேன். இது உங்களுக்குச் சேர வேண்டியது, ஆபத்து என்றுதான் பெயரை எழுதவில்லை, மேனேஜர் உங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார், இப்படியாக.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, “எனக்கு நல்லதா கெட்டதான்னு என்னெ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தம்பி” என்றாள். “கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். எனக்கும் பயந்தான்.”

துணியை நீட்டிய என் கை நீட்டியபடி இருந்தது.

“அது குதிரைக்குக் குடுத்தது. நீயே வச்சிக்க” என்றாள்.

அப்போது புடவையில் இருந்த பாக்கியம் கிழங்கு விற்றுவிட்டு வந்து சேர்ந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். என் கையிலிருந்து துணியை வாங்கி விரித்து வெயிலில் பார்த்தாள். “ரோசத்த உடுத்திக்க முடியுமா அண்ணி” என்று சொல்லி, அங்கேயே வாயால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைக் கதவுக்கு மேலே உள்ளே போட்டாள். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. துணியும் வெளியே வரவில்லை.

நான் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். இருபது வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

அடுத்த காட்சிக்கு அஞ்சலை வந்தாள். காக்கித் துணியைப் பாவாடையாகத் தைத்திருந்தாள். மேலே சாக்கைப் போர்த்தியிருந்தாள். வழக்கம்போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் உட்கார இடமில்லை, பரிசு வாங்கிய கொட்டகை அல்லவா. படம் தொடங்கியது. ராணி வந்தாள், வாயசைத்தாள். சத்தம் இல்லை. நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் ராஜாமணி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் குரலை ஒடுக்கி, “பிராணநாதா” என்றார்.

“ராணிக்குத் தொண்ட கட்டிருச்சிலா” என்று யாரோ ஒருவன் சொன்னான். சிரிப்பு. அவர் மறுபடியும் முயன்றார். சிரிப்பு பெரிதாகி, பலகையைத் தட்டத் தொடங்கினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மரவள்ளித் தோல் பறந்து வந்து ராணியின் முகத்தில் விழுந்தது. படத்தை நிறுத்தினார்கள். மேனேஜர் வியர்க்க வியர்க்கப் பின்னால் ஓடிவந்தார்.

“என்னம்மா, ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்கேங்க.”

“அப்ப ஏன் பேசல?”

“நான் என்னிக்குங்க பேசினேன். பேசுனது ராஜாமணி அண்ணன்னு சால்வ போட்டாங்களே.”

ராஜாமணி கையில் பிரம்போடு உள்ளே வந்து நின்றிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒன் பாதுகாப்புக்குத்தாம்மா அப்படிச் செஞ்சோம்” என்றார் மேனேஜர்.

“சரிங்க. அதிகாரிகிட்டச் சொல்ல வேணாம். இங்க உக்காந்திருக்கவங்க நம்ம சனந்தானே. அவங்ககிட்டச் சொல்லுங்க. பேசுனது யாருன்னு சொல்லுங்க, பேசுறேன்.”

“யாராவது போய்ச் சொல்லிட்டா?”

“எனக்குத்தானே ஆபத்து. நான் பாத்துக்கிறேன்.”

மேனேஜர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். வெளியே பலகைகள் அதிர்ந்துகொண்டிருந்தன. ராஜாமணிதான் முதலில் வாயைத் திறந்தார். “சொல்லிடுங்க மேனேஜர். அந்த எடம் என்னால முடியல” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் பாதி மன்னித்தேன். மீதிப் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.

கனகசபை திரைக்கு முன்னால் போனார். தொண்டையைச் செருமினார். இதுவரை ராணிக்குக் குரல் கொடுத்துவந்தது ராஜாமணி இல்லை, திரைக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்று பேசுகிறார் என்று சொன்னார். பெயர் என்ன என்று கேட்டார்கள். அத்தனை மாதமாக உப்பும் சவர்க்காரமும் கொடுத்துவந்தவருக்குப் பெயர் நினைவில்லை. “அஞ்சுகம்” என்றார்.

“அஞ்சலை” என்று பின்னாலிருந்து குரல் போனது. “சுங்கை லாலாங் அஞ்சலை.”

அந்தக் கொட்டகையில் ஜனங்கள் காதுபட அவள் தனக்காகப் பேசிய வார்த்தைகள் அவ்வளவுதான். கைதட்டல் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது நடக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி, அக்கம்பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பதுபோல, “பேசு அஞ்சல” என்றாள். படம் ஓட்டுகிறவர் அந்தச் சுருளை முதலிலிருந்து ஓட்டினார். அவள் பேசினாள். நான் குதிரையைச் சரியாக ஓட்டினேன்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. முந்நூறு பேருக்குத் தெரிந்த பெயர் ஒரு அதிகாரியின் காதுக்கும் போகவில்லை. மேனேஜரின் பயத்துக்கு அதைவிடப் பதில் வேண்டுமா. கேட்டால், அது அதிர்ஷ்டம் என்பார்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் கெடாவைச் சயாமிடம் கொடுத்தான், கொடி மாறியது. படச்சுருள் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் நடுவில் அறுந்து, ஒட்டவும் முடியாமல் போனது. கொட்டகையில் மூட்டைகளை அடுக்கினார்கள். சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அஞ்சலையின் கணவன் திரும்பவில்லை. எங்கே, எப்போது என்றுகூட யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே செத்தவர்களின் பட்டியலையும் யாரும் ஒழுங்காக எழுதவில்லை.

கொட்டகைக்குப் புது மெஷின் வந்தது. அதே படத்தின் புதுப் பிரதியும் வந்தது. திறப்பு நாளில் ராஜாமணிக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். சண்டைக் காலத்தில் கலைக்குச் சேவை செய்தவர் என்று மாலை வேறு. அஞ்சலைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்போது எனக்கு வேறு இடத்தில் உத்தியோகம் கிடைத்திருந்தது, புதுச் சட்டை போட்டிருந்தேன், மறந்துவிட்டேன். இந்த மாதிரிக் காரணங்களுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

ஆனாலும் வந்திருந்தாள். பெண்கள் பலகையில், நல்ல புடவையில், பாக்கியத்துக்குப் பக்கத்தில். பாக்கியத்துக்கும் ஒரு புடவை இருந்தது. திரையில் ராணி தன் சொந்தக் குரலில், மெல்லிய இனிய குரலில், ‘பிராணநாதா’ என்று அழுதாள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், “இது என்ன, வேற மாதிரி இருக்கே” என்று சலித்துக்கொண்டார்.

முடிந்து வெளியே வரும்போது அஞ்சலையைப் பிடித்தேன். “எப்படிக்கா இருந்தது?”

கொஞ்சம் யோசித்தாள். “நல்லாத்தான் பேசுறாங்க” என்றாள். “ஆனா தம்பி, அந்தம்மாவுக்கு ராஜா வந்துருவாருன்னு மொதல்லயே தெரியும் போலருக்கு.”

அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. ஜித்ரா பக்கம் நெல் வேலைக்கு இரண்டு பேரும் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு வேலையாக ஜித்ராவுக்குப் போனபோது நாலு பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் உதிரிப்பாகங்கள் விற்கிறார்கள். கனகசபை போய்ச் சேர்ந்தார். ராஜாமணி, மைத்துனன் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்கள் பலகையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியாவது உயிரோடு இருந்தால் போய்ப் பார்க்கலாம் என்று தேடினேன். இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் மருமகன் பினாங்கில் ஒரு கடையில் அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைக் கண்டுபிடித்து ஆசையாக வாங்கி வந்தார். வேண்டாம் என்று எனக்குள் ஏதோ சொன்னது. இருந்தும் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அன்றிலிருந்து, அந்தக் காட்டுக் காட்சியை நினைத்தால், நடிகையின் மெல்லிய குரல்தான் காதில் வருகிறது. சோறு போடுறாங்களா, காய்ச்சலோட வேல செய்யாதீங்க, சொன்னா கேளுங்க. வார்த்தை ஒன்றுகூட நான் மறக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் இப்போது அந்த நடிகைதான் சொல்கிறாள். அஞ்சலையின் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.